டிஷ்யூ பாக்கெட் கிடக்கும் மேசையில் உட்காராதீர்கள்: சிங்கப்பூர் உணவங்காடியில் இடம் பிடிப்பது எப்படி?

சிங்கப்பூரில் வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது நாள். மதியம் பன்னிரண்டேகால் மணி. அலுவலகத்துக்குப் பக்கத்து உணவங்காடி நிலையத்தில் சாப்பாட்டுத் தட்டை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு மூன்று சுற்று சுற்றிவிட்டேன். உட்கார இடமில்லை. கடைசியில் ஒரு மேசை முழுக்கக் காலியாக இருந்தது. நடுவில் ஒரு டிஷ்யூ பாக்கெட் மட்டும் கிடந்தது. யாரோ மறந்து விட்டுப் போயிருக்கிறார்கள் என்று உட்கார்ந்துவிட்டேன். அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. கையில் குழம்பு வழிந்ததும் அந்தப் பாக்கெட்டையே பிரித்து, ஒரு தாளை உருவித் துடைத்துக்கொண்டேன்.

இரண்டு நிமிடத்தில் மீன் சூப் கிண்ணங்களோடு நான்கு பேர் வந்து நின்றார்கள். யாரும் திட்டவில்லை. அவர்களில் ஒரு அம்மா பிரிந்து கிடந்த பாக்கெட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் பாக்கெட்டைப் பார்த்தார். அப்புறம் நான் எழுந்து நின்றுகொண்டே சாப்பிட்டு முடித்தேன்.

ஊரில் பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடித்து வளர்ந்தவன் நான். இங்கே அந்தத் துண்டுதான் டிஷ்யூ பாக்கெட்டாகக் கிடக்கிறது என்று யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதனால் நான் சொல்கிறேன். புதிதாக வேலைக்கோ படிக்கவோ வந்திருப்பவர்களுக்கு, முதல் வாரத்துக்குத் தேவையானது இது.

ஒரு சொல் விளக்கம்: இங்குள்ள தமிழர்கள் டாலரை வெள்ளி என்பார்கள், சென்ட்டைக் காசு என்பார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன்.

1. எந்த மாதிரி இடம் என்று முதலில் பாருங்கள்

பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் மூன்று வகை உண்டு. உணவங்காடி நிலையம் என்பது பெரிய கூரைக்குக் கீழே வரிசையாகக் கடைகள் இருக்கும் பொது இடம். லிட்டில் இந்தியாவில் இருக்கும் தேக்கா, மேக்ஸ்வெல், ஆமோய் ஸ்திரீட் எல்லாம் இந்த வகை. மேசையும் வட்ட முக்காலிகளும் பெரும்பாலும் தரையோடு பொருத்தியிருக்கும். இழுத்து ஒட்டிப் போட முடியாது. ஆறு பேர் வந்தால் ஆறு பேர் மேசைதான் தேட வேண்டும். மேசைகள் எல்லாக் கடைகளுக்கும் பொது. பிரியாணி வாங்கியவர் நூடுல்ஸ் கடைக்கு எதிரே உட்காரலாம், யாரும் கேட்க மாட்டார்கள்.

இரண்டாவது காப்பிக்கடை. ஊர்க் காப்பிக்கடை என்று நினைத்துவிடாதீர்கள். அடுக்குமாடிக் குடியிருப்பின் தரைத்தளத்தில் இருக்கும். ஒரு பானக் கடையும் அதைச் சுற்றி ஐந்தாறு சாப்பாட்டுக் கடைகளும் இருக்கும். மேசைகள் அந்தக் காப்பிக்கடையை நடத்துபவருடையவை. அவருக்கு வருமானம் பானத்திலும் கடை வாடகையிலும். அதனால் நீங்கள் உட்கார்ந்ததும் ‘என்ன குடிக்கிறீர்கள்’ என்று ஆள் வந்து நிற்பார்.

மூன்றாவது, குளிர்சாதனம் போட்ட கஃபே. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

2. நேரத்தை மாற்ற முடிந்தால் மாற்றுங்கள்

ஷென்டன் வே, ராஃபிள்ஸ் பிளேஸ், தஞ்சோங் பகார் பக்கம் வேலை என்றால் பன்னிரண்டு மணியிலிருந்து ஒன்றரை வரை மேசைக்குப் போட்டி. பதினொன்றரைக்குப் போனால் ராஜா மாதிரி உட்காரலாம். ஒன்றேமுக்காலுக்குப் போனாலும் இடம் கிடைக்கும், ஆனால் நல்ல கடைகளில் சாமான் தீர்ந்து விளக்கை அணைத்திருப்பார்கள். மேலாளரிடம் கேட்டு உணவு நேரத்தை அரைமணி முன்னே தள்ளிக்கொண்டது நான் இங்கே எடுத்த மிக நல்ல முடிவுகளில் ஒன்று. விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

தேக்காவில் கணக்கு வேறு. அங்கே வார நாளைவிட ஞாயிறு மதியம்தான் நெரிசல். விடுமுறை நாளில் நண்பர்களைப் பார்க்க வரும் தொழிலாளர்கள், காய்கறி வாங்க வரும் குடும்பங்கள், பிரியாணிக்கென்றே வருபவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் இருப்பார்கள். ஊரிலிருந்து வந்த அப்பா அம்மாவை அழைத்துப் போவதாக இருந்தால் காலை டிபனுக்குப் போங்கள்.

3. சோப் செய்யும் முறை

இடம் பிடித்து வைப்பதற்கு இங்கே பேச்சு வழக்கில் ‘சோப்’ என்று பெயர். குளிக்கிற சோப் இல்லை. ‘சோப் பண்ணிட்டியா?’ என்று சக ஊழியர் கேட்டால் மேசை பிடித்துவிட்டாயா என்று அர்த்தம். தட்டோடு சுற்றி அலையாமல், முதலில் மேசையைப் பிடி, பிறகு வரிசையில் நில் என்பதுதான் வழக்கம். நான் செய்தது நேர்மாறு.

வைக்கக்கூடிய பொருள்கள்: பிரிக்காத டிஷ்யூ பாக்கெட், மடக்குக் குடை, பாதி குடித்த தண்ணீர் பாட்டில், பழைய பெயர் அட்டை. இழந்தாலும் வருத்தப்படாத பொருளாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். டிஷ்யூ பாக்கெட்டை வயதானவர்கள் மேசை மேசையாக வந்து விற்பார்கள். அவர்களிடம் வாங்குவது பேரங்காடியில் கட்டாக வாங்குவதைவிட விலை அதிகம்தான். இருந்தாலும் நான் அவர்களிடமே வாங்குகிறேன்.

வைக்கக்கூடாத பொருள்கள் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. இதில்தான் புதியவர்கள் மாட்டுகிறார்கள். சக ஊழியர்கள் அலுவலக அட்டையைக் கழுத்துநாடாவோடு மேசையில் போட்டுவிட்டுப் போவதைப் பார்ப்பீர்கள். அதைப் பார்த்து நீங்களும் போடாதீர்கள். அதே உறையில் உங்கள் வேலை அனுமதி அட்டையும் இருந்தால் கதை முடிந்தது. அதில் உங்கள் பெயர், படம், அடையாள எண் எல்லாம் இருக்கும். தொலைந்தால் மனிதவள அமைச்சுக்குத் தெரிவித்து, கட்டணம் கட்டி, மாற்று அட்டை வாங்க வேண்டும். சிங்கப்பூரில் திருட்டு குறைவு என்பது உண்மை. துப்புரவு செய்பவர் தெரியாமல் தட்டோடு சேர்த்து வாரிக்கொண்டு போவதும் உண்மை. கைப்பேசி, பணப்பை, கடப்பிதழ் (பாஸ்போர்ட்), பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் தட்டும் ஈஸிலிங்க் அட்டை எதையும் வைக்க வேண்டாம்.

சாப்பாட்டை வைத்துவிட்டும் போகாதீர்கள். மைனாக்கள் காத்திருக்கும். எங்கள் ஊர் மைனா கொஞ்சம் கூச்ச சுபாவம். இங்கத்திய மைனா உங்கள் முக்காலியில் ஏறி நின்று, தலையைச் சாய்த்து உங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, நாசி லெமாக்கில் (தேங்காய்ப்பால் சாதம்) இருக்கும் முட்டையைக் கொத்தும்.

அப்புறம் முக்கியமான ஒன்று. இந்த சோப்புக்குச் சட்டத்தில் இடம் கிடையாது. வழக்கம் மட்டும்தான். நீங்கள் வைத்த பாக்கெட்டைத் தள்ளிவிட்டு ஒருவர் உட்கார்ந்துவிட்டால், அவரை எழுப்ப உங்களுக்கு உரிமை எதுவும் இல்லை. ‘சாரி, நான் சோப் பண்ணியிருந்தேன்’ என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் எழுந்துவிடுவார்கள். எழவில்லை என்றால் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு அடுத்த மேசை தேடுங்கள். 2017-இல் தோ பாயோவில் இப்படி ஒரு மேசைத் தகராறு தள்ளிவிடும் அளவுக்குப் போய், யாரோ எடுத்த காணொளி ஊரெல்லாம் பரவி, நீதிமன்றத்தில் அபராதத்தில் போய் முடிந்தது. வேலை அனுமதியில் வந்திருக்கும் உங்களுக்கும் எனக்கும் ஒரு மேசைக்காக அந்த வம்பு வேண்டாம்.

எவ்வளவு நேரம் வைத்திருக்கலாம்? வரிசையில் நின்று சாப்பாடு வாங்கும் நேரம் மட்டும். பத்து நிமிடம் நியாயம். நீள வரிசை என்றால் பதினைந்து. பாக்கெட்டை வைத்துவிட்டு வங்கிக்குப் போய் வருவது, பன்னிரண்டரைக்கு வரப்போகும் எட்டு பேருக்குப் பன்னிரண்டுக்கே இரண்டு மேசையைப் பிடிப்பது இதெல்லாம் பார்ப்பவர் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்ளும் வேலை. தனியாகப் போனால் முழு மேசையைப் பிடிக்காதீர்கள். ஒரு இருக்கைக்கு எதிரே ஓரமாகப் பாக்கெட்டை வையுங்கள். நடுவில் வைத்தால் முழு மேசையும் எனக்கு என்று பொருள். ஓரத்தில் வைத்தால் அந்த ஒரு இருக்கை மட்டும். இதை எனக்குச் சொல்லிக் கொடுக்க யாருமில்லாமல் கவனித்துக் கற்றுக்கொள்ள ஆறு மாதமானது.

கூட்டமாகப் போனால் பாக்கெட்டே தேவையில்லை. ஒருவரை உட்கார வைத்துவிட்டு மற்றவர்கள் வாங்கப் போங்கள். உட்கார்ந்திருப்பவருக்கும் சேர்த்து வாங்கி வாருங்கள். தினமும் ஒரே ஆளை உட்கார வைக்காதீர்கள், அது பாவம்.

4. முன்பின் தெரியாதவரோடு மேசையைப் பகிர்வது

இது நமக்குப் புதிதல்ல. ஊர் மெஸ்ஸில் நான்கு பேர் மேசையில் தெரியாத நான்கு பேர் உட்காருவதுதான் வழக்கம். இங்கேயும் அப்படித்தான், ஆனால் கேட்டுவிட்டு உட்கார வேண்டும். ‘கேன் ஷேர்?’ போதும். சீன முதியவர் என்றால் ‘யோ ரென் மா?’, மலாய்க்காரர் என்றால் ‘அடா ஓராங்?’. இரண்டுக்கும் ‘இங்கே ஆள் இருக்கா?’ என்று பொருள். உச்சரிப்பு தப்பினாலும் காலி முக்காலியைக் கை காட்டினால் புரிந்துகொள்வார்கள். வயதானவர்களை அங்கிள், ஆண்டி என்று அழைப்பது பொது வழக்கம். தமிழர் என்று தெரிந்தால் அண்ணே, அக்கா.

தலையாட்டினால் உட்காருங்கள். அதற்குமேல் பேச்சு எதிர்பார்க்காதீர்கள். ‘எந்த ஊர், என்ன சம்பளம்’ வேண்டாம்.

ஒரு பழக்கத்தை மட்டும் விமானத்திலேயே விட்டுவிட்டு வாருங்கள். சாப்பிட்டுக்கொண்டிருப்பவரின் நாற்காலிக்குப் பின்னால் போய் ஒட்டி நின்று, அவர் ரசம் சாதத்துக்கு வந்துவிட்டாரா என்று எட்டிப் பார்ப்பது. இங்கேயும் இடத்துக்காகக் காத்து நிற்பார்கள். ஆனால் நாலடி தள்ளி, கண்ணில் படுகிற மாதிரி நிற்பார்கள். தட்டில் மீதி குறைந்தவரைப் பார்த்து ‘முடிச்சிட்டீங்களா?’ என்று சைகையில் ஒருமுறை கேட்கலாம். இரண்டாவது முறை கேட்கக்கூடாது.

சில மேசைகளில் ஒரு பக்கம் முக்காலியே இருக்காது, சக்கர நாற்காலிப் படம் ஒட்டியிருக்கும். நெரிசலில் அதில் உட்கார்ந்தாலும், தேவைப்படுபவர் வந்தால் கேட்கும் முன்பே எழுந்துவிடுங்கள்.

5. உட்கார்ந்ததும் பானம் கேட்டு வருவார்கள்

காப்பிக்கடையில் ஆண்டி வந்து நின்றால் யோசிக்க நேரமில்லை. ‘கோப்பி’ என்றால் கெட்டிப்பால், சர்க்கரையோடு. ‘கோப்பி ஓ’ பால் இல்லாமல், சர்க்கரையோடு. ‘கோப்பி ஸி’ இனிப்பில்லாத டின் பாலும் சர்க்கரையும். ‘கோசோங்’ சேர்த்தால் சர்க்கரை இல்லை, ‘சியு தாய்’ சேர்த்தால் சர்க்கரை குறைவு, ‘பெங்’ சேர்த்தால் ஐஸ். காப்பி வேண்டாமென்றால் அதே இடத்தில் ‘தே’ போட்டுக்கொள்ளுங்கள். நம் ஆட்கள் பலர் ‘தே அலியா’வில் நின்றுவிடுவார்கள், இஞ்சிக் கஷாயத்துக்கும் டீக்கும் நடுவில் இருக்கும், மழைநாளில் நன்றாக இருக்கும்.

சூடான கோப்பி பெரும்பாலும் ஒன்றேகாலிலிருந்து இரண்டு வெள்ளிக்குள். ஐஸ் என்றால் கொஞ்சம் கூட. பானம் வந்ததும் காசு கொடுக்க வேண்டும், சில்லறை வைத்திருங்கள். கியூஆர் இல்லாமல் ரொக்கம் மட்டும் வாங்கும் கடைகள் இன்னும் உண்டு. குடிக்கவேண்டிய கட்டாயம் இல்லை, ‘வேண்டாம், நன்றி’ என்றால் போய்விடுவார். ஆனால் நெரிசலான நேரத்தில் எதுவுமே வாங்காமல் நண்பருக்குத் துணையாக ஒரு முக்காலியைப் பிடித்து உட்காருவது அழகல்ல.

சில கடைகளில் மேசை எண் கேட்பார்கள். மேசையின் மேலோ ஓரத்திலோ ஒட்டியிருக்கும். வரிசையில் நிற்கும் முன்பே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ‘செல்ஃப் சர்வீஸ்’ பலகை இருந்தால் நீங்களே தூக்கி வர வேண்டும்.

6. எழும்போது: இங்கேதான் உண்மையான அபராதம்

சோப்புக்குச் சட்டம் இல்லை என்றேன். தட்டுக்கு இருக்கிறது. சாப்பிட்டு முடித்த தட்டு, கிண்ணம், கசக்கிய டிஷ்யூ, உறிஞ்சுகுழல், டின், மேசையில் துப்பிய எலும்பு, இறால் ஓடு எல்லாவற்றையும் நீங்களே எடுத்துப்போய்த் தட்டு திருப்பும் இடத்தில் வைக்க வேண்டும். 2021 செப்டம்பரிலிருந்து உணவங்காடி நிலையங்களிலும், 2022 தொடக்கத்திலிருந்து காப்பிக்கடைகளிலும் ஃபுட் கோர்ட்டுகளிலும் இதற்கு நடவடிக்கை உண்டு. முதல்முறை பிடிபட்டால் எழுத்துபூர்வ எச்சரிக்கை. இரண்டாவது முறை 300 வெள்ளி. அதற்குமேல் நீதிமன்றம். முன்பெல்லாம் அதிகாரிகள் முதலில் வாயால் நினைவூட்டுவார்கள், எடுத்து வைத்துவிட்டால் விட்டுவிடுவார்கள். 2023 ஜூனிலிருந்து அந்தச் சலுகையும் போய்விட்டது. நடக்க முடியாத முதியவர்கள், உடற்குறை உள்ளவர்கள், சின்னப் பிள்ளைகளிடம் மட்டும் கெடுபிடி இல்லை.

‘எனக்கு முன்னால் உட்கார்ந்தவர் விட்டுப்போன தட்டு’ என்று அதைத் தள்ளிவைத்துவிட்டுச் சாப்பிடாதீர்கள். எழும்போது உங்களுடையது எது, அவருடையது எது என்று யாருக்குத் தெரியும்? உட்காரும்போதே அதையும் கொண்டுபோய் வைத்துவிடுவது எளிது.

இதில் ஒரு பொறி. தட்டு திருப்பும் இடத்தில் ஹலால் தனி, ஹலால் அல்லாதது தனி. பலகையும் நிறமும் பார்த்து வையுங்கள். முஸ்லிம் கடைத் தட்டில் பக்கத்துக் கடைப் பன்றி இறைச்சியை எடுத்துப் போட்டுச் சாப்பிடவும் கூடாது. மேசையைப் பகிரலாம், தட்டைக் கலக்கக்கூடாது. சில இடங்களில் தட்டுக்கு முன்பணம் பிடிப்பதும் உண்டு. தட்டைத் திருப்பினால் திரும்பக் கிடைக்கும்.

கையால் சாப்பிடும் நமக்கு இன்னொரு சிக்கல். பாதியில் கை கழுவவோ தண்ணீர் வாங்கவோ எழுந்து போனால், வரும்போது தட்டே இருக்காது. துப்புரவுப் பணியாளர் முடித்துவிட்டீர்கள் என்று எடுத்துப் போயிருப்பார். அவர் மேல் கோபப்பட்டுப் பயனில்லை. ஒரு மீன் தலைக்கறியை அப்படி இழந்திருக்கிறேன், தலையில் இன்னும் கன்னம் மிச்சமிருந்தது. எழுந்து போவதானால் தட்டுக்குப் பக்கத்தில் அந்தப் பிரிக்காத டிஷ்யூ பாக்கெட்டையோ குடையையோ வைத்துவிட்டுப் போங்கள்.

7. மஞ்சள் கட்டம்

காப்பிக்கடையில் ஒரு மூலையில் மட்டும் நாலைந்து மேசை காலியாக இருந்தால் தரையைப் பாருங்கள். மஞ்சள் கோடு போட்டிருந்தால் அது புகைபிடிக்கும் பகுதி. குழந்தையோடு போய் உட்கார்ந்துவிட்டு அப்புறம் முகம் சுளிக்காதீர்கள். நீங்கள் புகைப்பவர் என்றால் கோட்டுக்கு உள்ளேதான். அரையடி வெளியே என்றாலும் 200 வெள்ளி அபராதம். நீதிமன்றத்துக்குப் போனால் ஆயிரம் வரை. எல்லாக் கடையிலும் இந்தக் கட்டம் இருக்காது, 2017-க்குப் பிறகு புதிதாக அனுமதி தருவதில்லை.

8. வீட்டுச் சாப்பாட்டு டப்பா

புதிதாக வந்தவர்கள் காசை மிச்சம் பிடிக்க வீட்டிலிருந்து எலுமிச்சைச் சாதம் கட்டிக்கொண்டு வருவோம். அலுவலகத்தில் சாப்பிட இடமில்லை என்றால் கீழே இறங்கி வந்து டப்பாவைத் திறப்போம். காப்பிக்கடையிலும் ஃபுட் கோர்ட்டிலும் வெளி உணவு கூடாது என்ற பலகை இருக்கிறதா என்று பாருங்கள். குறிப்பாக ஹலால் சான்றிதழ் உள்ள இடத்தில் வேண்டவே வேண்டாம். அது அவர்கள் சான்றிதழ் சம்பந்தப்பட்ட விஷயம். பலகை இல்லாத இடத்தில் பானம் வாங்கிக்கொண்டு, ஓரமாக, நெரிசல் இல்லாத நேரத்தில் சாப்பிட்டால் பொதுவாகக் கண்டுகொள்ள மாட்டார்கள்.

மேசையே கிடைக்கவில்லையா? ‘டாப்பாவ்’ என்று சொல்லி வாங்கிக்கொண்டு போய்விடுங்கள். பொட்டலம் என்று அர்த்தம். டப்பாவுக்கு இருபது, முப்பது காசு கூட வாங்குவார்கள்.

9. லேப்டாப்போடு கஃபேயில்

கஃபேயில் கணக்கு மாறும். மேசைக்கு வந்து பரிமாறும் இடங்களில் விலைப்பட்டியலில் இரண்டு கூட்டல் குறி இருக்கும். விலைக்கு மேல் 10 விழுக்காடு சேவைக் கட்டணம், அதற்கும் மேல் 9 விழுக்காடு ஜிஎஸ்டி. எட்டு வெள்ளிக் காப்பி ஒன்பதரையைத் தாண்டும். உணவங்காடியில் பலகையில் உள்ள விலைதான் நீங்கள் கொடுப்பது.

அங்கே டிஷ்யூ பாக்கெட் செல்லாது. வாசலில் ஊழியர் இருந்தால் அவர் காட்டும் மேசைதான். தானாகப் போய் உட்காரும் கஃபேயில் நேர வரம்பு எழுதி வைத்திருக்கிறார்களா, படிக்கவும் வேலை பார்க்கவும் தடை உண்டா என்று முதலில் பாருங்கள். வார இறுதியில் பல இடங்களில் இருக்கும். எதுவும் எழுதவில்லை என்றால் என் கணக்கு, ஒரு காப்பிக்கு ஒரு மணி நேரம். இரண்டு பேர் மேசையில்தான் உட்காருவேன், பை மடியில் அல்லது காலடியில், பக்கத்து நாற்காலியில் இல்லை. மின்செருகி இருக்கும் மேசையைப் பிடித்துக்கொண்டு மதியச் சாப்பாட்டு நேரம் முழுக்க ஒரு கோப்பையோடு உட்கார்ந்திருந்தவனை ஊழியர் மூன்று முறை வந்து ‘வேறு ஏதாவது வேண்டுமா’ என்று கேட்டதை நானே பார்த்திருக்கிறேன். நானே பார்த்திருக்கிறேன் என்றால், அது நான்தான்.

நாள் முழுக்க உட்கார வேண்டுமென்றால் பொது நூலகத்துக்குப் போங்கள். மேசையும் குளிரும் இலவசம். ஆனால் அக்டோபர், நவம்பரில் போகாதீர்கள். பள்ளித் தேர்வு நேரம். கதவு திறக்கும் முன்பே மாணவர்கள் வரிசையில் நிற்பார்கள். கையில் தண்ணீர் பாட்டில், தோளில் பை, மேசையில் வைக்க ஒரு பென்சில் பெட்டி என்று தயாராக வந்திருப்பார்கள்.